ஷாக் பலிக்குமா, பலித்தது நிலைக்குமா?

ஓர் ஆச்சியை மனத்தில் வைத்துக்கொள்வோம். வயது அறுபத்தைந்து, காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். ஒரு காலத்தில் முகப்புக்கும் இரண்டாங்கட்டுக்கும் நாள் முழுக்க நடந்தவர், இப்போது ஒரு நடைக்கே வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூச்சு வாங்குகிறது. சில நேரம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. "வயசாச்சு, வேறென்ன" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டதில் சில மாதம் போயிற்று. கடைசியில் மகன் பிடிவாதமாக மதுரைக்கு அழைத்துப் போய் ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று. "ஏ.எஃப். இருக்கு ஆச்சி. ஒரு சின்ன ஷாக் கொடுத்துப் பாக்கலாம்" என்கிறார் டாக்டர். "கொடுத்தா சரியாயிடுமா சார்?" என்று மகன் கேட்கிறார். "சரியாகும். நிக்குமாங்கிறதுதான் கேள்வி."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் குடும்பம் இந்தப் பதிலைத்தான் மென்றுகொண்டு வரும். சரியாகுமாம், ஆனால் நிற்குமா தெரியாதாம். இது என்ன வைத்தியம்? டாக்டர் மழுப்பவில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் சொன்னார். விரித்துச் சொல்ல நேரமில்லை, வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். நமக்கு நேரம் இருக்கிறது. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம்.

ஏ.எஃப். என்பதன் முழுப் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். நம் இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேலறைகள் ரத்தத்தை வாங்கிக் கீழே இறக்கும். கீழறைகள் அதை நுரையீரலுக்கும் உடம்புக்கும் அழுத்தி அனுப்பும். இந்த வேலையைத் தொடங்கிவைப்பது வலது மேலறையின் உச்சியில் இருக்கும் ஒரு சிறு திசு. சைனஸ் கணு என்பார்கள். உடம்பு ஓய்வாக இருக்கும்போது அது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின் துடிப்பை எழுப்பும். அந்தத் துடிப்பு மேலறைச் சுவர் முழுவதும் பரவி, நடுவில் ஏ.வி. கணு என்ற இடத்தில் சற்றே தாமதித்து, பிறகு கீழறைகளுக்கு இறங்கும்.

குன்றக்குடியில் தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடத்தில் நூற்றுக்கணக்கான கைகள் இருக்கும். முன்னே நின்று ஒருவர் குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் சக்கரம் அசையும். சைனஸ் கணு அந்தக் குரல். மேலறைச் சுவரின் செல்கள் வடம் பிடித்தவர்கள். ஏ.எஃப். வந்த இதயத்தில் அந்தக் குரல் எடுபடாது. ஆளாளுக்கு ஒரு நேரத்தில், ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். மேலறையில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின் அலைகள் ஒன்றோடொன்று மோதிச் சுற்றிக்கொண்டிருக்கும். சுவர் ஒழுங்காகச் சுருங்குவதில்லை, நடுங்குகிறது.

அத்தனை அலையும் கீழே இறங்கினால் ஆள் பிழைக்க முடியாது. ஏ.வி. கணு பெரும்பாலானவற்றைத் தடுத்துச் சிலவற்றை மட்டும் விடுகிறது. எதை விடும், எதைத் தடுக்கும் என்பதற்கு ஒழுங்கில்லை. அதனால் நாடியும் தாறுமாறாக ஓடும். இரண்டு துடிப்பு நெருங்கி வரும், அடுத்தது தாமதிக்கும், அதற்கடுத்தது வலுவில்லாமல் வரும்.

இனி ஷாக். இங்கே நம் எல்லாருக்கும் உள்ள ஒரு தவறான எண்ணத்தைக் கொஞ்ச நேரம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதை நமக்குச் சொல்லிக்கொடுத்தது சினிமா. மானிட்டரில் கோடு நேராகப் போகும். நீளமாக ஒரு சத்தம் வரும். டாக்டர் இரண்டு தட்டுகளைத் தேய்த்து நெஞ்சில் வைப்பார், உடம்பு கட்டிலை விட்டு எகிறும், கோடு மறுபடி துள்ளும், வெளியே பிள்ளையார் படத்தின் முன் நிற்கும் கதாநாயகி கண்ணைத் திறப்பார். இதைப் பார்த்துப் பார்த்து, ஷாக் என்றால் நின்றுபோன இதயத்தை ஓடவைக்கும் உதை என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. உண்மையில் கோடு நேராகிவிட்ட இதயத்துக்கு ஷாக் கொடுப்பதில்லை, கொடுத்தும் பயனில்லை. அந்த நேரத்தில் செய்வது நெஞ்சை அமுக்குவதும் ஊசி மருந்து கொடுப்பதும்தான்.

ஷாக் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. ஓடிக்கொண்டிருக்கும் கலவரத்தை அது நிறுத்துகிறது. இதயத் தசையின் பெரும்பகுதியை ஒரே கணத்தில் தூண்டிவிடுகிறது. ஒருமுறை தூண்டப்பட்ட செல், நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்கு அடுத்த துடிப்பை ஏற்காது; அதற்கு அந்த ஓய்வு கட்டாயம். எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போனால், சுற்றிக்கொண்டிருந்த அலைகள் மேலே செல்ல வழியின்றி அணைந்துபோகும். வடம் பிடித்த எல்லாரும் ஒரே கணத்தில் கயிற்றை விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடி, சில சமயம் அதற்கும் சற்று மேலே, திரையில் ஒன்றுமே இருக்காது. பிறகு குரல் கொடுப்பவர் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலுக்கு எல்லாரும் இழுக்க வேண்டும்.

ஆக, தாளத்தை ஷாக் கொண்டுவந்து தருவதில்லை. இடம் ஒழித்துத் தருகிறது. தாளம் இதயத்திடமிருந்துதான் வர வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் டாக்டரின் பதில் பாதி விளங்கிவிடும். சிகிச்சை பலிக்குமா என்று முன்கூட்டியே சொல்வது, அந்த ஒரு நொடி நிசப்தத்துக்குப் பிறகு இந்த மேலறை என்ன செய்யும் என்று ஊகிப்பதுதான். கருவியின் பலத்துக்கு அதில் பங்கு உண்டு. மேலறைச் சுவரின் நிலைக்கு அதைவிடப் பெரிய பங்கு.

இன்னொரு பயத்தையும் இப்போதே ஒதுக்கிவிடலாம். ஷாக் என்றதும் மனநல சிகிச்சையில் கொடுப்பதை நினைத்து வீட்டுப் பெண்கள் கலங்குவதுண்டு. அது வேறு, இது வேறு. இதில் மின்சாரம் நெஞ்சின் குறுக்கே போகிறது, தலைக்குப் போவதில்லை. சில நிமிடத் தூக்கத்துக்கு மருந்து கொடுத்த பிறகே செய்வார்கள். விழித்ததும் நெஞ்சில் வெயில் பட்டதுபோல் கொஞ்சம் சிவந்திருக்கலாம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

இந்த முறையை 1960களின் தொடக்கத்தில் நிலைநாட்டியவர் பாஸ்டன் நகரின் இதய மருத்துவர் பெர்னார்ட் லவுன். அவருக்கு முன் நெஞ்சில் பாய்ச்சியது நம் வீட்டுச் சுவரில் வருவதுபோன்ற மாறுதிசை மின்சாரம். அது சில சமயம் இருந்த கோளாறைவிட மோசமான கீழறை நடுக்கத்தை வரவழைத்துவிட்டது. லவுன், பெர்கோவிட்ஸ் என்ற பொறியாளரோடு சேர்ந்து, மின்தேக்கியில் சேர்த்துவைத்த நேர்மின்சாரத்துக்கு மாறினார். 1962-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரையில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: லவுன், அமரசிங்கம், நியூமன். நடுப்பெயரைக் கண்டதும் தமிழ் வாசகர் ஒரு கணம் நின்றுதான் போவார். பிற்காலத்தில் லவுன் அணு ஆயுதப் போருக்கு எதிராக மருத்துவர்களைத் திரட்டினார். அவர் சேர்ந்து தொடங்கிய அந்த அமைப்புக்கு 1985-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மின்தேக்கி காரைக்குடிக்காரர்களுக்குப் புதுச்சொல்லாக இருக்காது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதாவது நம் சிக்ரி, பேட்டரியோடு இதையும் ஆராய்கிற இடம். மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கேட்டதும் கண் இமைக்கும் நேரத்தில் மொத்தத்தையும் கொட்டிவிடும் பொருள் மின்தேக்கி. லவுன் சேர்த்த இன்னொரு நுட்பம் நேரம் பார்ப்பது. ஈ.சி.ஜி.யில் ஈட்டிபோல் உயர்ந்து நிற்பதை ஆர் என்றும், அதன் பின்னால் வரும் சிறு மேட்டை டி என்றும் சொல்வார்கள். டி மேட்டின்மேல் ஷாக் விழுந்தால் ஆபத்து. ஆகவே இயந்திரம் ஆர் முனைக்காகக் காத்திருந்து, அதோடு சேர்த்துத்தான் விடும். டாக்டர் பட்டனை அழுத்திய பிறகும் ஒரு கணம் விரலை எடுக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

சரி, முதல் கேள்வி: அந்த நிமிடத்தில் பலிக்குமா? இதற்கு ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. இப்போதைய இயந்திரங்களில் மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்து உடனே எதிர்த்திசைக்குத் திரும்பும்; பழைய ஒற்றைத் திசைக் கருவிகளைவிடக் குறைந்த ஆற்றலில் வேலை முடிகிறது. டென்மார்க்கில் 276 பேரை வைத்துச் செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றியதில் நூற்றுக்கு 66 பேருக்குத் தாளம் திரும்பியது. முதலிலிருந்தே 360 ஜூல் கொடுத்ததில் 88 பேருக்கு. ஜூல் என்பது ஆற்றலின் அளவு. 360 ஜூல் என்றால் ஏறக்குறைய 36 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கத் தேவையான ஆற்றல். அதே குழு மறு ஆண்டு ஒட்டுத்தட்டுகளின் இடத்தைச் சோதித்தது. ஒன்றை நெஞ்சின் முன்னும் மற்றதை முதுகிலும் ஒட்டியபோது முதல் ஷாக்கில் நூற்றுக்கு 33. ஒன்றை முன்னும் மற்றதை இடது விலாவிலும் ஒட்டியபோது 54. மருந்தும் இல்லை, புது இயந்திரமும் இல்லை. தட்டை நகர்த்தி ஒட்டியதற்கே இவ்வளவு வித்தியாசம். பருமனான உடம்பும் நெஞ்சில் அடர்ந்த முடியும் மின்சாரத்துக்குத் தடை என்பதால், முடியை வழிப்பதற்கும் தட்டை அழுத்திப் பிடிப்பதற்கும் அர்த்தம் இருக்கிறது. இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு அந்த நிமிடத்தில் தாளம் திரும்பிவிடும். டாக்டர் தயங்காமல் "சரியாகும்" என்றது இதனால்தான்.

இரண்டாவது கேள்விக்கு நாம் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகருக்குப் போக வேண்டும். அங்கே மௌரிட்ஸ் அலெஸி என்ற ஆய்வாளரின் குழு 1995-ல் ஒரு சோதனையை வெளியிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது வெள்ளாடுகள். ஆடுகளின் இதயத்தில் மின்முனைகளைப் பொருத்தி, மேலறை நடுக்கத்தைச் செயற்கையாகத் தூண்டினார்கள். ஆரோக்கியமான ஆடு, நல்ல மேலறை. தூண்டிய நடுக்கம் சில நொடிகளில் தானாக அடங்கிவிட்டது. அடங்கியதும் கருவி அதைக் கண்டுபிடித்து உடனே மறுபடி தூண்டும். அது அடங்கும், இது தூண்டும். இரவு பகலாக இப்படியே.

நாள் ஆக ஆக, நடுக்கம் அடங்குவதற்கு எடுக்கும் நேரம் நீண்டுகொண்டே போயிற்று. சராசரியாக ஒரு வாரத்தில், பதினொன்றில் பத்து ஆடுகளுக்கு, கருவி தூண்டாமலே நடுக்கம் 24 மணி நேரத்துக்கு மேல் தானாக நீடித்தது. ஆட்டுக்குப் புதிதாக எந்த நோயும் வரவில்லை. நடுங்கியதாலேயே மேலறை நடுங்கப் பழகிவிட்டது. காரணத்தையும் பார்த்தார்கள். தூண்டப்பட்ட செல்லுக்குக் கட்டாய ஓய்வு உண்டு என்றோமல்லவா? நடுக்கம் தொடரும்போது அந்த ஓய்வு நேரம் குறுகிவிடுகிறது. ஓய்வு குறுகினால் அதே சுவரில் இன்னும் அதிக அலைகள் நெருக்கியடித்துச் சுற்றலாம். ஒன்று அணைந்தாலும் இன்னொன்று பிழைத்துக்கொள்ளும்.

இந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. தாளத்தைத் திருப்பிய பிறகு இந்த மின் மாற்றங்கள் ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. அதாவது ஷாக் பலித்த முதல் சில நாட்களில் மேலறை இன்னும் பழைய பழக்கத்திலேயே இருக்கிறது. அப்போது திரும்பவும் நடுக்கம் வருவது எளிது. மனிதர்களிலும் மறுபடி வருவதில் பெரும்பங்கு முதல் சில வாரங்களில்தான் வருகிறது. ஆனால் மனிதருக்கு நடுக்கம் வாரக்கணக்கில் இல்லை, பல மாதங்களாக, வருடங்களாக இருந்திருக்கும். அதற்குள் மின் மாற்றத்தோடு நிற்காமல் சுவரே மாறிவிடும். தசைக்கு நடுவே நார் படிந்து கெட்டிப்படும். அது ஒரு வாரத்தில் கரைவதில்லை.

இதனால்தான் "எத்தனை நாளா இருக்கு?" என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்கிறார். சிகிச்சையின் பலனைச் சொல்ல உதவும் தகவல்களில் இதற்கு இணையானது இல்லை. வந்து இரண்டு நாளே ஆன நடுக்கம் பலருக்குத் தானாகவே அடங்கும். 2019-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் ஒரு பாதியினரை உடனே ஷாக்குக்கோ மருந்துக்கோ உட்படுத்தாமல், துடிப்பின் வேகத்தை மட்டும் குறைத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். அவர்களில் 69 சதவீதம் பேருக்கு 48 மணி நேரத்துக்குள் தாளம் தானாகத் திரும்பியது. முதல் மணி நேரத்தில் கொடுக்கும் ஷாக்கின் பெருமையில் ஒரு பகுதி, சும்மா இருந்தாலும் கிடைத்திருக்கக்கூடியது என்று இதற்கு அர்த்தம். ஒரு வருடம் தாண்டிய நடுக்கத்தின் கதை வேறு. ஷாக்கில் அடங்கினாலும் தங்குவது கடினம்.

அடுத்து எக்கோ. அதில் டாக்டர் முதலில் தேடும் அளவுகளில் ஒன்று இடது மேலறையின் குறுக்களவு. சாதாரணமாக அது 4 சென்டிமீட்டருக்குள் இருக்கும். 5-ஐத் தாண்டிவிட்டால் நம்பிக்கை குறைகிறது. மேலறை பெருத்தால் நடுக்கம் வரும், நடுக்கம் நீடித்தால் மேலறை பெருக்கும்; எது முதலில் என்று பிரிப்பது பல சமயம் முடியாத காரியம். ஆச்சியின் எக்கோ தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் மகன் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டால், பாதிக் கதை அவருக்கே தெரிந்துவிடும்.

நம் நாட்டுக்கு என்று ஒரு தனி விஷயமும் உண்டு. மேல்நாட்டில் ஏ.எஃப். பெரும்பாலும் எழுபது வயதுக்காரர்களின் நோய். இந்திய இதயத் தாளச் சங்கம் 2011, 2012 ஆண்டுகளில் 24 மையங்களில் 1,537 நோயாளிகளைப் பதிவு செய்தபோது சராசரி வயது 55-ஐ ஒட்டி இருந்தது. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வாதக் காய்ச்சலால் வந்த வால்வுக் கோளாறு. சிறு வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வீக்கமுமாக வந்து போகும் அந்தக் காய்ச்சல், பல வருடம் கழித்து இடது பக்கத்து மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடும். வழி சுருங்கியதால் ரத்தம் தேங்கி மேலறை ஊதிப் போகும். வால்வைச் சரிசெய்யாமல் இப்படிப்பட்டவருக்கு ஷாக் கொடுத்தால் தாளம் நிற்பது அபூர்வம். முதலில் பலூனாலோ அறுவையாலோ வால்வைத் திறந்துவிட்டு, பிறகு ஷாக், கூடவே அமியோடரோன் போன்ற மருந்து என்றால் பலருக்குத் தங்குகிறது. அமித் வோராவும் சக மருத்துவர்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு, வாத வால்வு நோயாளிகளிடம் இதைக் காட்டியது. மேல்நாட்டு எண்களை அப்படியே எடுத்து நம் ஆச்சிக்குப் பொருத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டலாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் அதை அடக்காமல் ஷாக் கொடுப்பது வீண். ரத்த அழுத்தம், உடற்பருமன், குடி, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது ஆகிய ஒவ்வொன்றும் நடுக்கத்தைத் திரும்ப அழைக்கும். இவற்றில் குறட்டையை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. கேட்டால் ஆச்சி வெட்கப்படுவார், பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டரால் சொல்ல முடியாதா என்று இளைஞர்கள் கேட்பார்கள். முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். ஏ.எஃப். உள்ள ஈ.சி.ஜி.யின் அடிக்கோட்டில் சிறு நெளிவுகள் தெரியும். அவை மேலறை நடுக்கத்தின் நிழல். நெளிவு பெரிதாக, மெதுவாக, ஓரளவு ஒழுங்காக இருந்தால் சுவர் இன்னும் மோசமாகவில்லை. நுணுகி, வேகமாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் இருந்தால் நடுக்கம் பழையது. அந்த ஒழுங்கின்மைக்குக் கணக்குப் போட்டு மதிப்பெண் கொடுத்து, ஷாக்குக்குப் பின் யாருக்குத் தங்கும் என்று ஊகிக்கும் முறைகளை ஸ்பெயினில் அல்கராஸ், ரியேட்டா போன்ற ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இப்படிப்பட்ட கணக்குகள் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்வதில்தான் கெட்டி. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு ஆச்சியைப் பற்றிக் கேட்டால் தடுமாறுகின்றன. எத்தனை நாள், மேலறை எவ்வளவு பெரிது, வால்வு எப்படி என்ற மூன்று பழைய கேள்விகளை எந்தக் கணக்கும் இன்னும் ஓரங்கட்டிவிடவில்லை.

"ஷாக் கொடுத்தாங்க, ஃபெயிலாயிடுச்சு" என்று வீட்டில் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். டாக்டருக்கு அதில் பல விதம் உண்டு. ஒரு துடிப்புகூடச் சரியாக வரவில்லை என்றால் மின்சாரம் போதுமான அளவு மேலறையை எட்டவில்லை. தட்டை மாற்றி, ஆற்றலைக் கூட்டிப் பார்க்கலாம். சில துடிப்பு சரியாக வந்து, ஒரு நிமிடத்துக்குள் நடுக்கம் திரும்பியது என்றால் குறை கருவியில் இல்லை. முன்கூட்டி மருந்து கொடுத்துவிட்டு மறுபடி முயல வேண்டும். ஒரு வாரம் தங்கிப் போனது ஆட்டுக்கதை. ஆறு மாதம் தங்கிப் போனது என்றால் புதிதாக ஏதோ கிளப்பிவிட்டிருக்கிறது, அதைத் தேட வேண்டும். ஆகவே டிஸ்சார்ஜ் தாளில் எந்த விதம் என்று எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அடுத்து பார்க்கும் டாக்டருக்கு அது பெரிய உதவி. சில வாரம் தங்கினாலும் அதில் ஒரு லாபம் உண்டு. அந்த வாரங்களில் ஆச்சி தூணைப் பிடிக்காமல் இரண்டாங்கட்டு வரை நடந்தாரா? நடந்தார் என்றால் மூச்சு வாங்கியதற்கு ஏ.எஃப்.தான் காரணம், இன்னும் மெனக்கெடலாம். நடக்கவில்லை என்றால் காரணம் வேறு.

ஷாக்கே வேண்டாம், துடிப்பின் வேகத்தை மட்டும் மருந்தால் கட்டுப்படுத்தலாம் என்று டாக்டர் சொன்னால் கைவிட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2002-ல் வெளியான ஆய்வில், தாளத்தைத் திருப்ப முயன்றவர்களும் வேகத்தை மட்டும் அடக்கியவர்களும் உயிர் பிழைத்திருப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 2020-ல் ஐரோப்பாவில் வெளியான இன்னொன்று, நோய் தெரிந்து ஒரு வருடத்துக்குள்ளேயே தாளத்தைக் காக்கத் தொடங்கினால் பக்கவாதம் உள்ளிட்ட கேடுகள் குறைகின்றன என்று காட்டியது. ஆடுகளை நினைத்துக்கொண்டால் இரண்டும் முரணாகத் தோன்றாது. சீக்கிரம் தொடங்குவதற்குத்தான் பலன்.

கடைசியாக, அலட்சியப்படுத்தக் கூடாத ஒன்று. நடுங்கும் மேலறையில், முக்கியமாக அதன் ஓரத்தில் காதுபோல் நீண்டிருக்கும் சிறு பையில், ரத்தம் தேங்கி உறையும். தாளம் திரும்பி மேலறை மறுபடி சுருங்கத் தொடங்கும்போது அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இதைத் தடுக்கத்தான் ஷாக்குக்கு முன் குறைந்தது மூன்று வாரம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. அவசரம் என்றால் உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்துக் கட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்வார்கள். ஷாக்குக்குப் பின்னும் குறைந்தது நான்கு வாரம் மாத்திரை உண்டு, ஏனென்றால் தாளம் திரும்பியதும் மேலறைக்கு வலு உடனே வந்துவிடாது. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றைப் பொறுத்துப் பலருக்கு அதற்குப் பிறகும் தொடர வேண்டியிருக்கும். வாத வால்வு நோய் உள்ளவர்களுக்கு அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற பழைய மாத்திரைகளே நல்லவை என்று 2022-ல் வந்த பன்னாட்டு ஆய்வு சொல்கிறது, அதற்கு ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் பார்க்க வேண்டும். "தாளம் சரியாயிடுச்சு, மாத்திரை எதுக்கு" என்று தானாக நிறுத்துவதுதான் இந்தச் சிகிச்சையில் நடக்கும் மோசமான காரியம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்று மாலை அவர்கள் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து ஒரு நிமிடம் நாடியைப் பாருங்கள். தாளம் தப்பித் தப்பி வந்தால் அந்த வாரமே ஒரு ஈ.சி.ஜி. எடுங்கள். நன்றாக இருந்தாலும் எடுத்த ஈ.சி.ஜி.யைத் தூக்கிப் போடாதீர்கள். ஐம்பது வருடத்து மொய்ப்பண நோட்டைப் பெட்டகத்தில் பத்திரமாக வைத்திருக்கும் ஊர் இது. போன வருடத்து ஈ.சி.ஜி. மட்டும் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்தத் தாள் சில வருடத்தில் மங்கிவிடும், அதனால் ஜெராக்ஸ் எடுத்துத் தேதியை எழுதி வையுங்கள். "போன தைக்கு ஒழுங்கா இருந்துச்சு சார், இதோ" என்று ஒரு தாளைக் காட்ட முடிந்தால், டாக்டரின் முதல் கேள்விக்குப் பதில் உங்கள் கையில் இருக்கும்.